கை நல்லா தெரியட்டும்

பட்டம்மாள் கையுறைப் பாக்கெட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக் கிழிக்கப்போன சமயம் ஷர்மிளா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிக்காதீங்க அத்தே. அது வேணாம்.”

“இன்னாடி வேணாம்? பெட்டிக்காரன் பெட்டியோட சேத்துக் குடுத்தது. காலுக்கு சாக்ஸ் மாட்டியாச்சு. கைக்கு மாட்ட வேணாமா?”

“வேணாம். அப்பா கை அப்படியே இருக்கட்டும்.”

கூடத்தின் நடுவில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்திருந்த பெட்டியில் இன்பராஜ் படுத்திருந்தார். காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர். டம்ளரில் பாதி காபி மிச்சம் இருந்தது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. ஆள் மட்டும் போய்விட்டார். தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார். ஐம்பத்தெட்டு வயது. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்று போதகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பட்டம்மாள் அவருக்கு அக்கா. அணைக்கட்டிலிருந்து ஒன்பது மணிக்கெல்லாம் வந்து இறங்கி, அழவேண்டியதை வாசலிலேயே அழுது முடித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். சாவு வீட்டில் இப்படி ஒருத்தி இல்லாவிட்டால் ஒரு காரியமும் நடக்காது. குளிப்பாட்டியது, முகம் மழிக்க ஆள் பிடித்தது, பெட்டிக்கு அளவு சொன்னது எல்லாம் அவள் ஏற்பாடுதான். கையுறை ஒன்றுதான் பாக்கி.

“பைத்தியமாடி உனக்கு?” என்று குரலைத் தாழ்த்தினாள். “ஊரே வந்து பாக்கப் போவுது. உசுரோட இருக்கசொல்லவே அந்தக் கைய அவன் யாருக்கும் காட்டினது கெடையாது. கல்யாணப் பந்தியில குந்தறதுக்கே வெக்கப்பட்டு, கடைசிப் பந்தியில போய் சாப்புட்டவன். அவன இப்ப வெட்ட வெளிச்சத்துல வைக்கச் சொல்றியா?”

அத்தை சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் ஷர்மிளாவுக்கு வலித்தது.

முப்பத்தொரு வருஷம் தோல் ஃபேக்டரியில் சுண்ணாம்புத் தொட்டியிலும் தோல் பதனிடும் ட்ரம்மிலும் கிடந்த கைகள் அவை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. நகங்கள் பழுத்த புகையிலை நிறம். எந்த சோப்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அசையாத ஒரு நீலச் சாம்பல் நிறம் உள்ளங்கையில் நிரந்தரமாகக் குடியிருந்தது. கம்பெனி கொடுக்கும் ரப்பர் கையுறை ஒரே வாரத்தில் ஓட்டையாகும், அடுத்தது வர ஒரு மாதமாகும். உயிரோடு இருந்தவரை ஒழுங்கான கையுறை கிடைக்காத மனுஷருக்கு இப்போது வெள்ளை வெளேரென்று ஒன்று தயாராக வந்திருந்தது.

ஆனால் அவர் கையை மறைத்தது எப்போதிலிருந்து என்பது அத்தைக்குத் தெரியாது. ஷர்மிளாவுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் அவள் பள்ளியிலேயே முதலாவது வந்த வருஷம். பரிசளிப்பு விழாவில் பெற்றோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கியதும், பதினைந்து வயது ஷர்மிளா வாயசையாமல் அப்பாவிடம் சொன்னாள்: “கைய பாக்கெட்டுல வச்சுக்கோப்பா.”

இன்பராஜ் உடனே வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்புக்கூட மாறவில்லை. அதன்பிறகு எடுத்த ஒரு போட்டோவிலும் அவர் கை வெளியே வரவில்லை. அவள் பட்டம் வாங்கியபோதும், திருப்பத்தூர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த அன்றும், பாக்கெட்டில் கை விட்ட இன்பராஜ்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பதினாலு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஷர்மிளா வழி தேடிக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசையும்போது, செருப்பை மாட்டும்போது, எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

“அத்தே, நேத்து ஏலகிரி போனமே, அங்க இன்னா நடந்துச்சு தெரியுமா?”

“தெரியும்டி. கார் வாங்கினே, குரங்கு பாக்கப் போனீங்க. அவன் நேத்து ராத்திரியே போன்ல சொல்லிட்டான். மாப்பிள்ள வர்றதுக்கு முன்னால கார் வந்துட்டுதேன்னு நானும் சிரிச்சேன்.” பட்டம்மாளின் குரல் உடைந்து, உடனே சரியானது. “அதுக்கும் இதுக்கும் இன்னா?”

நேற்று பொங்கல் லீவின் கடைசி நாள். புதுக் காரில் முதல் பயணம் எங்கே என்று ஷர்மிளா கேட்டபோது, அம்மா ரோசலின் வேளாங்கண்ணி என்றாள். இன்பராஜ் ஏலகிரி என்றார்.

“ஏலகிரியில இன்னா இருக்கு?” என்றாள் அம்மா.

“குரங்கு இருக்கு. கம்பெனி டூர்ல எத்தினி வாட்டி போயிருக்கேன்! ஒவ்வொரு வாட்டியும் வளைவுல குரங்கு குந்திக்கினு இருக்கும். டிரைவர் தோஸ்த்து, ஒரு நிமிஷம் நிறுத்துய்யான்னு கேப்பேன். வளைவுல நிறுத்தக் கூடாதுன்னு போய்க்கினே இருப்பான். இப்ப நம்ம வண்டி. நெனச்ச எடத்துல நிறுத்தலாம் இல்ல?”

பனி விலகாத காலையில் கிளம்பினார்கள். குரங்கைப் பார்க்க மங்கி குல்லா போட்டுக்கொண்டு வந்த மனுஷர் மாவட்டத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். மகளுக்குப் பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வாணியம்பாடி தாண்டி டீ குடிக்க இறங்கிய இடத்தில், கேட்காத டீக்கடைக்காரரிடம், “எம் பொண்ணுதான் ஓட்டிக்கினு வர்றா. மலைக்கும் அவளேதான் ஓட்டப் போறா” என்றார். பெட்ரோல் பங்கிலும் அதையே சொன்னார். டயருக்குக் காற்று பிடிப்பவரிடம் சொல்லும்போது, “கணக்கு டீச்சர்” என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

மலைப்பாதையில் அம்மா பின்சீட்டில் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தாள். அப்பா வளைவுகளை எண்ணினார். ஏழாவது வளைவு தாண்டி, சாலை ஓரம் அகலமாக இருந்த இடத்தில், “நிறுத்து” என்றார்.

கைப்பிடிச் சுவர் நெடுகக் குரங்குகள். குளிருக்கு வெயில் காய்ந்துகொண்டிருந்தன. காரைப் பார்த்ததும் நாலைந்து எழுந்து வந்தன. அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டு சீப்பு வாழைப்பழம் டிக்கியில் இருந்தது. எதிரிலேயே வனத்துறைப் பலகை: குரங்குகளுக்கு உணவளிக்காதீர்.

“யாரும் இல்லப்பா. ரெண்டு பழம் போட்டா இன்னா ஆவப் போவுது?” என்றாள் ஷர்மிளா. டீச்சர்தான். ஆனால் அப்பா ஆசைப்பட்டு வந்திருக்கிறாரே.

“வேணாம். எழுதிப் போட்டிருக்கான் இல்ல.” இன்பராஜ் இறங்கினார். “டிக்கியத் தொறக்காத. எங்கிட்ட அதுங்க எப்படியும் வராது. மாடுகூட என் மேல வர்ற தோல் வாடைக்கு ஒதுங்கிப் போவும். எந்தக் கை இன்னா பண்ணுதுன்னு அதுங்களுக்குத் தெரியும். நான் தூர குந்திப் பாத்துட்டு வர்றேன்.”

சுவரில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கையைத் தொடைமேல் வைத்தார். பழக்கத்தில் பாக்கெட்டைத் தேடியிருக்கவேண்டும், அன்றைக்கு உடுத்தியிருந்தது வேட்டி.

பழம் வராது என்று தெரிந்ததும் குரங்குகள் கலைந்துபோயின. ஒன்று மட்டும் போகவில்லை. வயிற்றில் குட்டி தொங்க, சுவர்மேல் நடந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டி முகர்ந்தது. பிறகு, கடையில் துணி பார்க்க வந்தவளைப்போல அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரலை விரித்து, வெடிப்பில் தூக்கிக்கொண்டு நின்ற காய்ந்த தோலை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தது.

“ஐயோ, கடிச்சிடும்! கைய எடுங்க!” என்று காருக்குள்ளிருந்து அம்மா கத்தினாள்.

இன்பராஜ் அசையவில்லை. மூச்சுகூட மெதுவாக விட்டார். கட்டைவிரல் முடிந்ததும் ஆள்காட்டி விரல். இருப்பதிலேயே மோசமான வெடிப்பைக் குரங்கு குனிந்து பார்த்தது, உதட்டைக் குவித்தது, விட்டுவிட்டுப் பக்கத்து விரலுக்குப் போனது. குட்டி தாயின் கக்கத்திலிருந்து ஒரு கையை நீட்டி அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஷர்மிளா காரின் கதவோரத்தில் நின்றிருந்தாள்.

அப்போதுதான் அப்பா தலையைத் திருப்பாமல் கூப்பிட்டார்.

“ஷர்மி, போட்டோ எடு.”

அவள் போனை எடுத்தாள்.

“கிட்ட வந்து எடு. கை நல்லா தெரியட்டும்.”

திரும்பி வரும்போது, அன்றைக்குப் பரிசளிப்பு விழாவில் சொன்னதைப் பற்றிச் சொல்லிவிட நினைத்து அவள், “அப்பா, அன்னிக்கு ஸ்கூல்ல நான்...” என்று ஆரம்பித்தாள்.

“ரோட்டப் பாத்து ஓட்டு. லாரி வருது” என்றார். லாரி போன பிறகு சொன்னார்: “சூப்பரா ஓட்டற. டூர் பஸ் டிரைவர்லாம் உங்கிட்ட வந்து கத்துக்கணும்.”

ஷர்மிளா இப்போது போனில் அந்தப் போட்டோவை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். பட்டம்மாள் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“சிரிக்கிறான்” என்றாள். பிறகு, “பல்லெல்லாம் தெரியுது. சின்னப்போ இப்படித்தான் சிரிப்பான்.”

“கையப் பாருங்க அத்தே. அப்பாவே காட்டிக்கினு இருக்காரு. அவரேதான் எடுக்கச் சொன்னாரு.” அவளுக்கு அழுகை வந்தது. “அவரு மறைச்சது வெக்கத்துல இல்ல. நான் சொன்னதால. எனக்குத்தான் அன்னிக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப எனக்குப் பெருமையா இருக்கு அத்தே. மறுபடியும் மூட வேணாம்.”

பட்டம்மாள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். முதல் ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி ஆட்கள் நேராக வந்திருந்தார்கள். முன்னால் முனீர் அகமது. ட்ரம் செக்‌ஷனில் இன்பராஜோடு அதே முப்பத்தொரு வருஷம். வேலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியருகே வந்து நின்று, நண்பனின் முகத்தையே பார்த்தார்.

“நீங்களாவது சொல்லுங்க பாய்” என்று பட்டம்மாள் போனை அவரிடம் கொடுத்தாள். “கையுறை மாட்ட வேணாங்கறா.”

முனீர் போட்டோவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னால் திரும்பி, “டேய், எல்லாரும் வாங்க. இன்பு கேட்டுக்கினே இருந்தான் இல்ல, வண்டிய நிறுத்துன்னு? நிறுத்திட்டான்டா” என்றார். போன் கைமாறிக் கைமாறிப் போனது. அதை வாங்கிய ஒவ்வொரு கையும் அதே நீலச் சாம்பல் கைதான். ஒருத்தர், “குரங்குக்கு நம்ம செக்‌ஷன்ல வேலை போட்டுக் குடுக்கலாம் போலக்கீதே” என்றார். சாவு வீடு என்பதை மறந்து நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பட்டம்மாளும்தான்.

சிரித்து முடித்ததும் அவள் கையுறைப் பாக்கெட்டை முனீரிடம் நீட்டினாள். “கிழிக்கல. கம்பெனியில யாருக்காச்சும் ஆவும், எடுத்துக்கினு போங்க.”

முனீர் பாக்கெட்டின் மேலேயே துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். “இது ஒரு நாள்கூட தாங்காதுக்கா” என்றார்.

காலையிலிருந்து சுவரில் சாய்ந்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்த ரோசலின் அப்போதுதான் எழுந்தாள். அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தாள். தினமும் சாப்பாடானதும் புருஷனின் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவள் வழக்கம். நேற்றும் தேய்த்தாள். பெட்டியின் வலப்பக்கம் உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, வெடிப்பு வெடிப்பாகத் தேய்க்கத் தொடங்கினாள். குப்பியை மகள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

ஷர்மிளா இடது கையை எடுத்துக்கொண்டாள். குளிர்ந்து, விறைத்து, கனமாக இருந்தது. ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். தோலுக்கடியில் இருந்த நீலம் எண்ணெயில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு கைகளையும் மார்பின்மேல், சட்டைக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள். போதகர் வந்து ஜெபித்தபோது ஒருகணம் பார்வையைத் தாழ்த்தி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, குரலைச் சற்று உயர்த்தினார். ஃபேக்டரி ஆட்கள் வரிசையாக வந்து, முகத்தைத் தொடாமல், கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

நாலு மணிக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் போக ஆட்டோ சொல்லட்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

“எதுக்கு ஆட்டோ? அவ ஓட்டுவா” என்றாள் பட்டம்மாள்.

முன்சீட்டில் மங்கி குல்லா கிடந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை. அம்மாவும் அத்தையும் முனீரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஷர்மிளா கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டி, முதல் கியரில் வண்டியை எடுத்தாள். விரல்களில் எண்ணெய் இருந்ததால் ஸ்டியரிங் கொஞ்சம் வழுக்கியது. சேலைத் தலைப்பில் துடைக்கலாம். அவள் துடைக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னால் போன வண்டியைப் பார்த்தபடி ஓட்டினாள்.