சிமெண்டுத் தரைக் கடல்

பழைய மனிதர்கள் மகாசமுத்திரத்தைத் தாண்டியிருக்க முடியும் என்று பேராசிரியர் பல வருடமாகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிஜக் கடலில் போய்க் காட்டலாம் என்றால் துறைமுகத்தில் அனுமதி தரவில்லை. கடைசியில் ஒரு காலிக் கிடங்குக்குள், நாணலால் கட்டிய படகை, அலைபோல் ஆட்டும் ஒரு இயந்திரத்தின் மேல் ஏற்றி, மனைவியின் தம்பியையும் ஒரு நீச்சல் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரே இல்லாத கடலுக்கு நீச்சல் மாஸ்டர் எதற்கு என்று கேட்டால் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

விதிகள் எல்லாம் அவரே போட்டவை. தானாக ஒருவன் இறங்கினால் பயணம் தோற்றது. தவறி விழுந்தவன் கடலோடு போனவன். மிச்சப் பேர் தொடரலாம். கரையிலிருந்து யார் பேசினாலும் காதில் விழக் கூடாது. பழைய மனிதனுக்கு நடுக்கடலில் யார் வந்து சேதி சொன்னார்கள்? மேலே ஒரு கேமரா. அதன் மறுமுனையில், அவரை இத்தனை காலம் நக்கலடித்த சக பேராசிரியர்கள்.

ஐந்தாவது வாரம் வந்துவிட்டது. ஒருவர் காலை நீட்ட மற்ற இருவரும் மடக்க வேண்டும். உலர்ந்த மீன் நாற்றம் தலைமுடி வரை ஏறியிருந்தது. தரை இடுப்பளவு கீழேதான் இருந்தது, கண்ணெதிரே, காய்ந்து.

அன்று மதியம் மனைவி வந்து நின்றாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

“என்னங்க, உங்கப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. இன்னைக்குத் தாங்கறதே கஷ்டம்னு சொல்றாங்க. உங்க பேரையே சொல்லிட்டுக் கெடக்கறாரு.”

பேராசிரியர் சுவரைப் பார்த்தார். கை படகின் விளிம்பைப் பிடித்தது, அப்படியே நின்றது. இறங்கினால் இத்தனை வருடப் பேச்சும் வெறும் பேச்சு. இறங்காவிட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. வேறு எவனாவது போட்ட விதியாக இருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது இறங்கியிருப்பார்.

“கேக்குதா இல்லையா?”

கேட்காமல் எப்படி இருக்கும்?

“எது வந்தாலும் கூப்பிடாதேன்னு சொன்னீங்க. நான் கூப்பிடல. சொல்லிட்டுப் போறேன், அவ்வளவுதான்.” குரல் உடைந்தது. திரும்பி நடந்தாள்.

“மச்சான், எறங்குங்க,” என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

“எப்படிடா எறங்குவேன்? அந்தக் காலத்து மனுஷனுக்கு எறங்க எடம் இருந்துச்சா?”

“இருந்திருந்தா ஒருத்தனும் அக்கரை போய்ச் சேந்திருக்க மாட்டான்,” என்றான் மைத்துனன்.

பேராசிரியர் வாய்விட்டு அழுதார். கை மட்டும் விளிம்பை விடவில்லை.

மைத்துனன் கேமராவை ஒரு பார்வை பார்த்தான். இயந்திரம் படகைச் சாய்க்கும் நேரம் பார்த்துத் தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தான். பேராசிரியர் பொத்தென்று சிமெண்டில் விழுந்தார். முழங்கை சிராய்த்துக்கொண்டது.

“ஐயையோ, ஆளு கடல்ல விழுந்துட்டாரு!” என்று நீச்சல் மாஸ்டர் கேமராவைப் பார்த்து அலறினார். ஒருவழியாக அவருக்கும் ஒரு வேலை வந்தது.

வாரக்கணக்கில் நடக்காத கால்களோடு பேராசிரியர் தள்ளாடித் தள்ளாடி ஓடினார். வாசலில் ஒரு கணம் நின்று திரும்பினார்.

“டேய், நல்லா இருடா!”

மைத்துனன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.