ஒற்றைக் கண் சோதனை

சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டாள். அழுத்தத்தான் கை வரவில்லை.

அச்சு மெஷின் தடதடவென்று தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. குழந்தைகளின் காய்ச்சல் மருந்துப் பெட்டிக்குள் போகிற சீட்டு. அதைச் சரிபார்ப்பது அவள் வேலை. கையிலிருந்த தாளில் ஒவ்வொரு எழுத்தையும் ஒட்டி இன்னொரு எழுத்து நிழலாக நின்றது. மூன்று மில்லி எட்டு மில்லியாகத் தெரிந்தது. நிறுத்தாவிட்டால் விபரீதம். நிறுத்தினால்?

பத்து மாதத்துக்கு முன் இப்படித்தான் நிறுத்தினாள். மெஷின் ஓட்டும் மாமா, அக்காவின் கணவர், அவளுக்கு இங்கே வேலை வாங்கிக்கொடுத்தவர், ஒரு தாளை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"பளிச்சுன்னுதானேம்மா இருக்கு? உனக்கு நரம்புல ஏதோ கோளாறுன்னு சொன்னியே..." என்றார் முதலாளி. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேக்கிங்குக்குப் போயிடு."

கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதில் அவளுக்குத் தாளே தெரியவில்லை.

எல்லாம் இரண்டாகத் தெரிகிற அந்தப் பழைய நரம்பு நோய் திரும்பிவிட்டதென்று, அப்புறம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் டிரிப்ஸ். டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து, "புதுசா ஒண்ணும் இல்லை. அதுக்காக நோய் திரும்பலைன்னும் சொல்ல முடியாது. பார்க்கலாம்" என்றார்.

எதை வைத்துப் பார்ப்பதாம்? ஸ்கூட்டரை அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்தாள். தினமும் கண் விழித்ததும் நின்றுபோன மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினாள். மூன்று என்றால்தான் படுக்கையை விட்டு எழுந்தாள். நோய் வந்து தொலைத்தாலாவது திட்டலாம். வருமா வராதா என்று நிற்கிற ஒன்றை எந்த வார்த்தையால் திட்டுவது?

"என்ன டபுள், நான் இன்னைக்கு ஒருத்தியா, ரெண்டு பேரா?" பேக்கிங்கில் வேலை பார்க்கிற, எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற பெண் அட்டைக்கட்டோடு கடந்தாள்.

"ஒருத்தியையே தாங்க முடியலை, போக்கா."

டாக்டர் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. 'ரெண்டாத் தெரிஞ்சா ஒரு கண்ணை மூடு. ஒண்ணாயிட்டா நரம்போட வேலை. அப்பவும் ரெண்டுன்னா, பெரும்பாலும் நரம்பு இல்லை.'

வலது கண்ணை மூடினாள். இரண்டு. இடதை மூடினாள். அதே இரண்டு.

சந்தோஷப்படக்கூடத் துணிச்சல் வரவில்லை. பெரும்பாலும்! எல்லாவற்றிலும் இந்த ஒரு வார்த்தையைச் செருகாமல் இவர்களுக்குப் பேசவே வராதா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரே கடிகாரம். பெரிய முள் ஒன்று, சின்ன முள் ஒன்று.

அழுத்தினாள்.

தடதடப்பு அடங்கியது. மாமா பாய்ந்து வந்தார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? என் மானத்தை வாங்குறதுக்குன்னே வர்றியா?"

 சத்தம் நின்றதும் திரும்பி வந்த பேக்கிங் அக்கா முகத்துக்கு நேரே அவள் தாளைப் பிடித்தாள். "உன் கண்ணால பார்த்துச் சொல்லுக்கா."

அக்கா கண்ணைச் சுருக்கினாள். அட்டைக்கட்டைக் கீழே போட்டாள். "அய்யய்யோ! எனக்கும் டபுளாத் தெரியுதே! இது ஒட்டுவாரொட்டியா?"

"ஒட்டாது. முதலாளியைக் கூட்டிட்டு வா."

அக்கா மாடிக்கு ஓடினாள். மாமாவின் முகம் வெளிறியது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு உருளையருகே குனிந்தார். மையைத் தாளில் ஒற்றுகிற ரப்பர் விரிப்பு அதைச் சுற்றியிருந்தது. அதை இறுக்கி முடுக்காவிட்டால் எழுத்து இரட்டிக்கும். முடுக்குவது மாமாவின் பொறுப்பு.

"சனியன் பிடிச்ச ரப்பர்" என்று முனகினார். "மாத்துன மறுநாளே தளர்ந்துடுது. போன தடவையும் இதே..."

ஸ்பானர் நின்றது.

"எந்தப் போன தடவை மாமா?"

அவர் நிமிரவில்லை. மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் போன தடவைன்னு கேட்டேன்."

"கத்தாதே. அன்னைக்கு உன் கையில இருந்த தாளும் ரெண்டாத்தான் இருந்துச்சு. முதலாளிகிட்ட நான் காட்டினது முந்தின நாள் அடிச்சது."