இடது கண்ணுக்கு மட்டும்

வலது கண் தூரத்தைப் பார்க்கட்டும், இடது கண் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கட்டும், நடுவில் இரண்டும் சண்டை போடாமல் இருந்தால் சரி.

விழுப்புரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து செண்பகம் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வலது கண்ணை மூடினால் கையிலிருந்த டிக்கெட்டின் பொடி எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இடது கண்ணை மூடினால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியின் பலகை தெரிந்தது. இரண்டையும் திறந்தால் எல்லாமே தெரிந்தது. ஆனால் எதுவும் தன் இடத்தில் நிற்காதது போல, தொட்டியில் கிடக்கும் டம்ளரைத் தண்ணீருக்கு மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. முன் இருக்கைக் கம்பியைப் பிடிக்கப் போன கை ஒரு விரல் அளவு முன்னாலேயே மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்வது போல அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் தேவா அவளுடைய சித்தி மகன். காலையில் அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"வெள்ளெழுத்து ஒரு வியாதியே இல்லக்கா. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸு வயசாக வயசாக கெட்டியாயிடுது. நாப்பத்தாறு வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு சாதா கண்ணாடி போட்டா முடிஞ்சிது. போன மாசம் நான் குடுத்தது இன்னா ஆச்சி?"

"பையில கீது. கண்ணாடி வேணாம்டா. வேற இன்னா இருக்குது, அதச் சொல்லு."

"சொட்டு மருந்து இருக்குது. கண்ணு பாப்பாவ சின்னதாக்கும், கொஞ்ச நேரம் எழுத்து தெரியும். ஆனா ரூமே மங்கலா ஆயிடும், தலைவலி வேற. உன் வேலைக்கு ஒத்து வராது. ஆபரேஷன் பண்ணி உள்ள இருக்கிற லென்ஸ எடுத்துட்டு வேற வைக்கலாம். புரை விழாத கண்ண எதுக்குக்கா கீறணும்?"

"அப்புறம்?"

"ஒரு கண்ணுக்கு மட்டும் கிட்டத்துல பாக்குற மாதிரி கான்டாக்ட் லென்ஸு. ஒத்துக்கிச்சின்னா பின்னாடி லேசர்ல அதையே நிரந்தரமா பண்ணிக்கலாம். ஒத்துக்கலன்னா கழட்டிப் போட்டுடலாம்."

"அதையே போடு."

"இரு, அவசரப்படாத. அதுல எது முன்னாடி கீது, எது பின்னாடி கீதுன்னு அளவு தவறும். பழகுறதுக்கு ரெண்டு வாரம் ஆவும். அதுவரைக்கும் ஊசி வேலை கூடாது, சொல்லிட்டேன்."

"சரிடா, சரி" என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிற்பகல் அவளுக்கு டூட்டி.

திண்டிவனத்தில், மரக்காணம் சாலையில் இருக்கும் அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'நரம்பு சிஸ்டர்' என்று பெயர். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு, காய்ச்சலில் வற்றிய கையில், மயிரிழை நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவதற்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். தை மாதம் திறக்கப் போகும் பச்சைக் குழந்தைகள் வார்டுக்கு அவள்தான் பொறுப்பு என்று டாக்டர் பானுப்ரியா சொல்லியிருந்தாள்.

போன மாதம் ஒரு குழந்தைக்கு ஊசி எடுத்தபோது செண்பகம் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். குழந்தையின் தாத்தா, "கண்ணு தெரியாதவங்கள வச்சா ஊசி போடுறீங்க?" என்று கத்திக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அன்று மாலை டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டு, அன்பாகத்தான் சொன்னாள். "சிஸ்டர், கண்ணாடி மட்டும் வேணாமே. ஊசி எடுக்கிறவங்க கண்ணாடியைத் தேடினா பேரன்ட்ஸ் பயந்துடறாங்க. லென்ஸோ ஆபரேஷனோ, எதுன்னாலும் பண்ணிக்கோங்க. செலவு என்னோடது."

அறையை விட்டு வெளியே வந்தபோது வாசலருகே டோக்கன் மேசையில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் கோவிந்தம்மாள்தான் இங்கே நரம்பு பார்ப்பவள். இப்போது மூக்கு நுனியில் கண்ணாடியோடு பெயர் கூப்பிடுகிறாள். அதற்குப் பிறகு செண்பகம் கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை. மருந்துக் குப்பியை இளம் நர்ஸ் கலைப்பிரியாவிடம் நீட்டி, "இது எத்தினி மில்லி? படிச்சி சொல்லு பாப்பம்" என்பாள். பரீட்சை வைக்கிறாள் என்று அந்தப் பெண்ணும் பயந்து பயந்து படிப்பாள். அந்தப் பயத்தைப் பார்க்கும்போது செண்பகத்துக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் மறுநாளும் அதையே செய்வாள்.

சீருடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் கலைப்பிரியா ஓடி வந்தாள். "அக்கா, ஜல்தி வாங்க. எட்டு நாள் கொழந்த. ரெண்டு நாளா பாலே குடிக்கலியாம். நான் ரெண்டு வாட்டி குத்திட்டேன், நரம்பு கிடைக்கல. நீங்க பாருங்கக்கா."

குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு புறங்கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவருகே அப்பா ஜெகதீசன், அவன் அக்கா. தாய் இன்னும் எழுந்து நடமாடவில்லையாம், வீட்டில் இருக்கிறாள்.

"வந்துட்டீங்களா சிஸ்டர்" என்றாள் டாக்டர். "மருந்து உள்ள போகணும். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதா இருந்தாலும் நரம்புல லைன் போட்டுட்டுத்தான் அனுப்பணும். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "லென்ஸ் போட்டாச்சா? நல்லது" என்றாள்.

செண்பகம் கை கழுவினாள். குழந்தையின் பாதத்தைப் பிடித்தாள். கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. தெரிகிறது, தெரிகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊசி முனை தோலைத் தொட்டது போலிருந்தது. அழுத்தினாள். எதுவும் தடுக்கவில்லை, முனை இன்னும் காற்றில்தான் இருந்தது. தொட்டுவிட்டதாகக் கண்தான் சொல்லியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். தோல், சதை, எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. குழந்தையின் கால் உதறியது. குத்திய இடம் கண்ணெதிரே நீலமாக உப்பியது.

ஊசியை உருவி, அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். வலது கண்ணை மூடிக்கொள்ளலாமா? மூடினால் டாக்டருக்குத் தெரியும். மூடினாலும் ஒற்றைக் கண்ணால் ஆழம் தெரியாது.

"எத்தினி தபா குத்துவீங்க? கொழந்த இன்னா பூசணிக்காயா?" என்றாள் ஜெகதீசனின் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா" என்றான் அவன். பிறகு அவனே, "நரம்பு சிஸ்டர் வந்தா ஒரே குத்துதான்னு வாசல்ல சொன்னாங்களே" என்றான். அதில் கோபம் இல்லை. கெஞ்சுவது போல இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர்" என்றாள் டாக்டர். "உங்களால முடியும்."

முடியும்தான். ஆனால் இந்தக் கண்ணால் முடியாது.

"ரெண்டு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் போனாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் இடது கண்ணைப் பார்த்தாள். காலையில் தேவா போட்டுவிட்ட லென்ஸ் அதில் இருந்தது. எடுப்பது எப்படி என்று காட்டியிருந்தான். சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் இமையை விரித்து, கரு விழி மேல் விரல் வைத்தாள். வில்லை வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. மறுபடி. கண் எரிந்து கன்னமெல்லாம் தண்ணீர். உள்ளே முனகல் நின்றுவிட்டது போலிருந்தது. நின்றுவிட்டதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இல்லை, கேட்கிறது.

"இன்னாக்கா, கண்ணுல தூசியா?" கலைப்பிரியா பின்னால் வந்து நின்றாள்.

"லென்ஸு. என் பையில டிபன் டப்பாக்கு அடியில கண்ணாடி கீது. எடுத்துக்கினு வா."

அந்தப் பெண் அசையாமல் நின்றாள். ஒரு மாதமாக வைத்த பரீட்சையெல்லாம் அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். செண்பகம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போடி, நிக்காத!"

மூன்றாவது முறை வில்லை விரலோடு வந்தது. மீன் செதில் மாதிரி தொட்டியில் ஒட்டிக்கொண்டது. மறுபடி முழங்கை வரை கழுவினாள். கலைப்பிரியா கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியைக் கொண்டுவந்து, கேட்காமலே அவள் காதில் மாட்டிவிட்டாள்.

தூரம் கலங்கிப் போயிற்று. கதவருகே நின்றவர்கள் வெறும் நிறங்களாக ஆனார்கள். அந்த அக்காவின் முகத்தில் என்ன இருக்கிறது என்று இனி தெரியாது. டாக்டரின் முகத்திலும் தெரியாது. இத்தனை நாளும் நரம்பைப் பார்த்ததைவிட முகங்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது.

"இன்னா சிஸ்டர் இது, கண்ணாடியா?" நிறங்களில் ஒன்று கேட்டது.

"ஆமாம்மா. கிட்டத்துல தெரியறதுக்கு" என்றாள். "டார்ச்ச கீழ புடி கலை."

குழந்தையின் இடது உள்ளங்கைக்கு அடியில் வெளிச்சம் வந்தது. கை சிவந்து, கனிந்த பழத்துக்குள் விளக்கு வைத்தது போல ஆனது. அதில் குறுக்கே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கோணலாக ஒரு கோடு. முன்பு எப்போதோ பார்த்த மாதிரி, ஓரம் கிழியாமல் தெளிவாக இருந்தது. ஊசி முனை தோலைத் தொட்டது. இப்போது நிஜமாகவே தொட்டது. விரலும் கண்ணும் ஒன்றையே சொன்னன. மெல்லச் சாய்த்தாள். ஊசியோடு சேர்ந்த பிளாஸ்டிக் குழாயின் அடியில் சிவப்பாக ஒரு துளி ரத்தம் ஏறியது.

ஊசியை மட்டும் உருவி, குழாயை நரம்புக்குள்ளேயே விட்டாள். பிளாஸ்டர் ஒட்டினாள், சிறு அட்டையை வைத்துக் கையைக் கட்டினாள். டாக்டர் மருந்தை ஏற்றினாள். குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வாயைக் கோணி, முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதது.

"அழுவுதுங்க" என்றான் ஜெகதீசன், என்னவோ புதுச் சேதி போல.

டாக்டர் அவள் தோளுக்கு அருகே குனிந்தாள். "தேங்க்ஸ் சிஸ்டர். இப்ப கண்ணாடியைக் கழட்டிடுங்க. குழந்தையோட அப்பாவைப் பக்கத்துல கூப்பிடணும், வெளிய வேற நாலு பேர் எட்டிப் பாக்கறாங்க." சற்று நிறுத்தி, "தை மாசம் வார்டு திறக்கணும். நான் எதுக்குச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

தெரியும். கோவிந்தம்மாளின் டோக்கன் மேசையும் தெரியும். செண்பகம் குழந்தையின் மணிக்கட்டில் பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள். கீழே வீக்கம் இல்லை. சொட்டு ஒழுங்காக இறங்குகிறது.

"இருக்கட்டும் மேடம்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "அவரை வரச் சொல்லுங்க."