டிவிக்குப் பின்னால் உருண்ட பாபின்

தெருவில் எல்லோருக்கும் அவர் சுதிக்காரர்தான். இசைப்பள்ளியில் இருக்கிற பதினோரு பியானோக்களுக்கும் சுதி சேர்ப்பது அவர் வேலை. அவர் மனைவி தையல்காரி. நாற்பது வருஷம் தையல் மிஷினோடு குடும்பம் நடத்திய காது அவளுக்கு. கிட்டே வந்து கூப்பிட்டால்தான் திரும்புவாள். அவருக்கோ பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால், அது எவர்சில்வரா பித்தளையா என்பது வரை தெரிந்துவிடும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பா பாட்டுக் கேட்கட்டும் என்று ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வாங்கி வந்தாள். டிவியின் சத்தமும் அதிலேயே வரும்படி இணைத்தாள். பின்பக்கம் எதையும் தொடாதீங்க, ஸ்விட்ச் போட்டபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அதில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியும் இருந்தது. அதன் மேல் துணியை விரித்து, தைத்து முடித்த சட்டைகளை அடுக்கினாள் தையல்காரி. அதற்குள் ஒரு ஸ்பீக்கர் குடியிருப்பது அவள் நினைவிலேயே இல்லை.

கொஞ்ச நாளில் சுதிக்காரருக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. தூரத்தில் ஒரு லாரி கிளம்பாமல் உறுமிக்கொண்டே நிற்பதுபோல, ஒரே சுதியில். பாட்டை நிறுத்திப் பார்த்தார், போகவில்லை. டிவியை அணைத்துப் பார்த்தார், போகவில்லை. மனைவியிடம் கேட்டார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

தினமும் கேட்டார். தினமும் அதே பதில். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். மகள் ஆசையாகக் கொடுத்த பொருளைச் சந்தேகப்பட அவருக்கு மனசு வரவில்லை; தன் காதைச் சந்தேகப்பட்டார். பள்ளியில் அது கேட்காததற்கும், பிள்ளைகள் போடும் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டார். டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். போனால் உறுதியாகிவிடும் என்று மறுத்துவிட்டார். கடைசியில் பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். காது சரியில்லை, இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று இரண்டே வரி. அதை எழுத அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தையல்காரி மிஷினில் நூல் சுற்றிய பாபினை மாற்றும்போது அது கை நழுவி உருண்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விட்டது. மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவினாள். கேபிள் ஒயர் கையில் சிக்கி டிவியிலிருந்து கழன்றுகொண்டது.

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே," என்றாள் பயந்துபோய்.

"நின்னுடுச்சு."

அவள் ஒயரைத் திரும்பச் சொருகினாள். வந்துடுச்சு என்றார்.

தையல்காரி லேசுப்பட்டவள் இல்லை. நம்பி ஏமாறக் கூடாதே என்று அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். ஒயரை எடுத்தால் ஒரு கோடு, சொருகினால் ஒரு வட்டம் என்று சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொண்டே வந்தாள். அவர் ஒருமுறைகூடத் தப்பவில்லை. நடுவில் ஒயரைத் தொடாமலே கையை மட்டும் அசைத்துப் பார்த்தாள்.

"சும்மா வளையலை ஆட்டாத. அது அப்படியேதான் இருக்கு."

அவள் எழுந்து வரவில்லை. அவர் திரும்பி எட்டிப் பார்த்தால், அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் கேக்கலை கேக்கலைன்னு சொல்லி, நல்லா இருந்த காதை நானே செவிடாக்கப் பாத்தேனே."

அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பாபின் கெடச்சுதா?" என்றார்.

மகளுக்குப் போன் போட்டார்கள். கேபிளும் அந்தக் கறுப்புப் பெட்டியும் வேறு வேறு வழியாக எர்த்தைத் தொடுவதால் இரண்டுக்கும் நடுவே கரண்டு சுற்றுகிறது, டிவி அணைந்திருந்தாலும் பெட்டி உறுமும் என்றாள். பெட்டி மேல் சட்டை அடுக்கிய கதையைக் கேட்டு ஒரு மூச்சு சிரித்தாள். அவள் சொன்னபடி டிவி ப்ளக்கையும் பெட்டியின் ப்ளக்கையும் ஒரே போர்டில் சொருகினார்கள், பாதி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் வந்து, ஒயருக்கு நடுவில் அந்தக் கரண்டைத் தடுக்க விரல் நீளத்தில் ஒரு ஐசொலேட்டர் மாட்டினார். மீதியும் ஓய்ந்தது. எனக்கு முன்னாடியும் ஒண்ணும் கேக்கலை, இப்பவும் ஒண்ணும் கேக்கலை என்று கேபிள்காரர் சொன்னபோது, சுதிக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடிதத்தின் பின்பக்கத்தில் இப்போது யாரோ ஒருவருடைய சட்டை அளவு இருக்கிறது. அன்று சாயங்காலம் அந்தச் சட்டையைத்தான் அவள் தைக்க உட்கார்ந்தாள். நாலு தையல் போவதற்குள் அவர் குரல் கொடுத்தார்.

"மிஷினுக்கு எண்ணெய் போடு. உள்ள ஒண்ணு கீச்சு கீச்சுங்குது, பத்து நாளா."

"பத்து நாளா? சொல்றதுக்கு என்னங்க?"

"அதுவும் என் காதுலதான்னு நெனச்சேன்."

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். எங்கே என்று அவருக்குத்தானே தெரியும்.