ஊசிக்குப் பின் அரை மணி

குணசுந்தரி இன்சுலின் ஊசியை வயிற்றில் குத்தி, பத்து எண்ணி, உருவி, மூடியைப் போட்டுச் சுருக்குப்பைக்குள் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சோத்த எடு."

சுப்புராயன் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் விசைப்படகு ஓட்டிய மனிதர், எழுந்து நின்று தான் உட்கார்ந்திருந்த இடத்தையும் திரும்பிப் பார்த்தார். சோற்றுப் பை எங்கேயும் இல்லை. அது பூங்காவுக்கு வெளியே, ஸ்கூட்டரின் முன்கொக்கியில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா முழிக்கிற?"

"வண்டியில கீது."

"சோறா?"

"சோறுந்தான். உன் போனுந்தான்."

குணசுந்தரி காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் அப்போது பார்த்த பார்வைக்கு, ஐஸ் பெட்டியில் ரெண்டு நாளாகச் செத்துக் கிடக்கும் வஞ்சிரம்கூட ஒரு துள்ளு துள்ளியிருக்கும்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? ஊசி போட்டா அரமணிக்குள்ள துன்னணும்னாரா இல்லியா? போன ஆடி மாசம் பாத்தல்ல?"

பார்த்திருந்தார். போன ஆடியில் சோறு வேக முக்கால் மணி தாமதம். அதற்குள் ஊசி சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட, அவள் வேர்த்து வழிந்து, சுவரோடு பேசி, குழம்புச் சட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண் திறந்தாள். அந்த ரெண்டு பாட்டில் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சுப்புராயன் போட்ட வேண்டுதல்களை நிறைவேற்ற இன்னும் ஏழு பிறவியும் ஒரு லாரி தேங்காயும் தேவை.

"தோ, போய்கினு வந்துட்டேன்னு வெச்சிக்க" என்று கிளம்பினார். கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது.

"வயி தெரியுமா? போர்டு பாத்து வா."

"போர்டா? எனக்கா?"

மணலி தாண்டிப் புதிதாகத் திறந்திருந்த அந்தப் பூங்கா சாதாரணப் பூங்கா இல்லை. ஒரு மூலையில் மழை பெய்தால் மறு மூலைக்குச் சேதி போக மூன்று நாளாகும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் அப்பா போடும் ரகளை தாங்காமல், "அம்மாவ இட்டுகினு பார்க்குக்காவது போயேம்ப்பா" என்று மகள் சௌமியாதான் துரத்திவிட்டாள். உள்ளே வந்தால் ஒரு புல்வெளி, நடுவில் சிமெண்டுக் காளான் குடை, பக்கத்தில் யானை மாதிரி வெட்டிவிட்ட செடி. அதைத் தாண்டினால் இன்னொரு புல்வெளி, இன்னொரு காளான், இன்னொரு யானை. கட்டிய காண்டிராக்டருக்கு அந்த ஒரே அச்சுதான் வாய்த்தது போலிருக்கிறது.

சுப்புராயன் அசரவில்லை. கடலில் எந்தத் தெருவுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்? கரையில் உயரமாகத் தெரியும் இரண்டு பொருளைக் கண்ணில் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்து நின்றால் கீழே பாறை, விலகினால் மணல். அப்படிக் குறி வைத்து, நடுக்கடலில் அறுந்த வலையை மறுநாள் விடிகாலையில் போய்க் கொத்தாக அள்ளி வந்தவர் அவர்.

காளானடியில் நின்று கிழக்கே பார்த்தார். தூரத்தில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சிவப்பு வெள்ளைச் சிமினி. அதற்கு முன்னால், மரங்களுக்கு மேலே, மஞ்சளாக ஒரு தொட்டி. சரியாகச் சிமினியின் நெற்றிப்பொட்டு மாதிரி நின்றது. போதும். திரும்பி வரும்போது பூங்கா நெடுக ஓடும் குளத்தங்கரை மேலேயே நடக்க வேண்டியது, பொட்டு சிமினியின் மேல் ஏறியதும் அதைப் பார்த்து இறங்க வேண்டியது, நேராகக் குணசுந்தரி.

அந்த மஞ்சள் தொட்டி என்ன தொட்டி என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. கரை என்றைக்காவது இடம் மாறியிருக்கிறதா?

வண்டிக்குப் போய்ப் பையை எடுக்கப் பன்னிரண்டு நிமிஷம். சோறும் குழம்பும் சுறாப்புட்டும் பத்திரமாக இருந்தன. வரும்போது வேகமாக நடந்தார். குளத்தங்கரையில் ஏறி, சிமினியைப் பார்த்து, தொட்டியைப் பார்த்து, ரெண்டும் ஒன்றான இடத்தில் சட்டென்று இறங்கினார். காளான் வந்தது. யானை வந்தது. காளானடியில் குணசுந்தரிக்குப் பதிலாக மூன்று பேர் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பச்சப் பொடவையில ஒரு அம்மா குந்தினு இருந்தாங்களே?"

"நாங்க பத்து மணிலேர்ந்து இங்கதான் அங்கிள் இருக்கோம்."

மணி ஒன்று பதினாறு.

கண் பிசகியிருக்கும் என்று மறுபடி கரைக்கு ஓடினார். இப்போது பொட்டு சிமினியை விட்டு இடப்பக்கம் தள்ளி நின்றது. 'வயசாச்சுடா சுப்புராயா' என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்னும் நூறு அடி நடந்து, குறி சேர்ந்ததும் இறங்கினார். காளான். யானை. ஒரு பிறந்தநாள் கூட்டம். கேக் வெட்டிய கையோடு ஒரு துண்டை அவர் வாயில் திணிக்க வந்தார்கள். இது எவ்வளவு இனிப்பு. இவ்வளவு இனிப்பு இங்கே கிடக்க, அவள் அங்கே.

ஒன்று இருபத்தைந்து. அரை மணி தாண்டிவிட்டது.

விசிலோடு நின்ற காவலாளியைப் பிடித்தார். "நைனா, காளான் கொடைக்குக் கீய என் சம்சாரம் கீறா. பச்சப் பொடவை. எங்கன்னு சொல்லு."

"எந்தக் காளான் பெருசு? இருவத்திரெண்டு காளான் கீது."

"யான பக்கத்துல."

"எல்லாக் காளானுக்கும் யான கீது. இன்னிக்கு ஞாயித்துக்கெயம, பச்சப் பொடவையே நானூறு தேறும். மைக்குல சொல்லலாம்னா மைக்கு ரிப்பேரு. போன் போடேன்."

சுப்புராயனின் கையிலிருந்த பைக்குள் குணசுந்தரியின் போன் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை கரைக்கு ஏறினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிமினியைப் பார்த்தார். தொட்டியைத் தேடினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி மரங்களுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் காணவில்லை. பிறகு, ஒரு விளக்குக் கம்பம் தள்ளி, நிதானமாக மேலே எழுந்தது. அதற்குள் ஒரு ஆள் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

புயலில் மூன்று முறை சிக்கியவர், எஞ்சின் நின்று ஆந்திராக் கரைவரை மிதந்து போனவர். அரை மணியாக அவர் பல்பு மாட்ட ஆளைத் தொட்டியில் தூக்கும் ஒரு ஏணி வண்டியின் பின்னால் ஊர்வலம் போயிருக்கிறார்.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். வண்டியடியில் போய் நின்று மேலே பார்த்துக் கத்தினார். "ஏ தொட்டி! எறங்குப்பா!"

தொட்டிக்காரன் பெயர் பெனிட்டோ. எர்ணாவூர்க்காரன், நாற்பது வயது, மீசை மட்டும் அறுபது வயதுக்கு இருந்தது. இறங்கி வந்து, இவர் மூச்சிரைத்துச் சொன்னதை முழுசாகக் கேட்டான்.

"ஆள மேல ஏத்தக் கூடாது நைனா. மேஸ்திரி பாத்தா என் சீட்டு கிய்ஞ்சிடும்."

"உன்ன நம்பித்தான்யா நான் வயி தப்புனேன்!"

பெனிட்டோ அவர் முகத்தைப் பார்த்தான். "ஏறு" என்றான்.

நாற்பதடி உயரத்தில் பூங்கா முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. சுப்புராயன் கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு, மீன் கூட்டம் தேடுகிற மாதிரி ஒவ்வொரு காளானாகத் துழாவினார். நாலாவதில் பச்சை தெரிந்தது. ரெண்டு புல்வெளி தள்ளி. குணசுந்தரி உட்கார்ந்திருக்கவில்லை. காளான் தண்டில் சாய்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் ஜமக்காளம் விரித்திருந்தது. ரோஜா நிறப் புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் மடியருகே ஒரு பெரிய பாட்டில், செக்கச்சிவந்த நன்னாரி சர்பத். குணசுந்தரியின் கை மெல்ல எழுந்து பாட்டிலை நோக்கி நீண்டது.

ரோஜாப் புடவை பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஏய்!" என்று ஒரு குரல் எழுந்தது. எஞ்சின் இரைச்சலைத் தாண்டி அடுத்த படகுக்கும், அதற்கடுத்த படகுக்கும், காற்று சாதகமாக இருந்தால் இலங்கைக்கும் போய்ச் சேருகிற குரல். பூங்காவில் பறவைகள் என்று எவை இருந்தனவோ அவை அத்தனையும் கிளம்பின. "அந்த பாட்டில அவகிட்ட குடு!"

கூட்டம் கூடிவிட்டது. "மேல பார்றா, ஒரு ஆளு குதிக்கப் போறான்!" என்று யாரோ சொல்ல, ஐம்பது போன்கள் வானத்தைப் பார்த்து எழுந்தன. ரோஜாப் புடவையின் புருஷன் ராமசுப்பு, காலடிப்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர், ஜமக்காளத்திலிருந்து எழுந்து ரெண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணாச்சி! குதிச்சிராதிய! எந்தக் கஷ்டம்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்!"

"நான் குதிக்கலய்யா! அந்த சர்பத்த என் பொண்டாட்டிக்குக் குடு!"

ராமசுப்பு மனைவியைப் பார்த்தார். ஜெயக்கொடி பாட்டிலை இன்னும் இறுக்கிக்கொண்டு கத்தினாள். "கொடுக்கப்பிடாதுங்க! இவுகளுக்குச் சுகரு! நல்லாப் பேசிக்கிட்டிருந்தப்ப அவுகளே சொன்னாவ! இனிப்பக் கொடுத்து அந்தப் பாவத்த நான் சொமக்கவா?"

"சுகரு எறங்கிட்ச்சும்மா! எறங்கிட்ச்சு!"

"எறங்கினா நல்லதுதானே!" என்றார் ராமசுப்பு, உண்மையான சந்தோஷத்தோடு.

சுப்புராயன் வாயைத் திறந்தார். இந்தக் கேள்விக்கு டாக்டர் முன்பு படம் போட்டு அரை மணி விளக்கம் சொல்லியிருந்தார். இப்போது நாற்பதடி உயரத்திலிருந்து அதைச் சொல்லி முடிப்பதற்குள் குணசுந்தரி முடிந்துபோவாள். அவள் கை ஏற்கெனவே புல்லில் விழுந்துவிட்டது. தலை மார்பில் தொங்கியது.

"எறக்கறேன் நைனா, ஓடிப் போயிடு" என்று பெனிட்டோ நெம்புகோலைப் பிடித்தான்.

"வேணாம்! எறங்குனா அவ தெரியமாட்டா." இறங்க ஒரு நிமிஷம். ஓட நாலு நிமிஷம். ஓடி, மறுபடியும் தப்பான காளானில் போய் நின்றால்? தன் கண்ணை இனி அவர் நம்பத் தயாராக இல்லை. கீழே ராமசுப்பு இன்னும் கையைக் கூப்பியபடி நின்றார்.

சுப்புராயன் லுங்கியை மடித்துக் கட்டினார். ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்கு வெளியே போட்டார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற!" பெனிட்டோ அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தான்.

"அவளுக்கு இப்போ சர்பத்து குடுக்கல," என்று சுப்புராயன் கர்ஜித்தார், "நான் குதிச்சிருவேன்! சாவு உங்க மேல!"

கூட்டம் ஒரே மூச்சாக "ஐயோ" என்றது. ராமசுப்பு துள்ளித் திரும்பினார். "ஏட்டி, கொடுத்துத் தொலை! கொலக்கேசு ஆயிரும்!"

ஜெயக்கொடி மூடியைத் திருகினாள். குணசுந்தரியின் தலையைத் தோளில் சாய்த்து, மூடியில் ஊற்றி வாயருகே வைத்தாள். முதல் வாய் அப்படியே கடைவாயில் வழிந்து பச்சைப் புடவையில் இறங்கியது. தொட்டிக்கு வெளியே தொங்கிய காலோடு சுப்புராயன் அசையவில்லை. ரெண்டாவது மூடி. உதடு அசைந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மூன்றாவது மூடி வாயருகே வந்தபோது குணசுந்தரி கையைத் தூக்கினாள். மூடியைத் தட்டிவிட்டாள். பாட்டிலையே பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"எறக்குப்பா" என்றார் சுப்புராயன். பெனிட்டோ அவர் காலைத் தானே தூக்கி உள்ளே வைத்து, இறக்கினான். வழியும் அவனே காட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பாட்டிலில் பாதி காலி. குணசுந்தரியின் நெற்றி வேர்வையில் குளித்திருந்தது. ஆனால் கண் அதன் இடத்துக்கு வந்திருந்தது. ராமசுப்பு ஓடிவந்து சுப்புராயனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பேசித் தீத்துக்கிடலாம் அண்ணாச்சி, பேசித் தீத்துக்கிடலாம்."

"எங்கய்யா போன?" என்றாள் குணசுந்தரி. நாக்கு இன்னும் கொஞ்சம் குழறியது.

ஆயிரம் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றன. வண்டி பஞ்சர், கூட்டம், காவலாளி மறித்தான். சுப்புராயன் புல்லில் உட்கார்ந்தார்.

"வயி தப்பிட்டேன்" என்றார்.

குணசுந்தரி அவரை நிதானமாகப் பார்த்தாள். பையிலிருந்து அவர் டப்பாவை எடுத்தார். ஜெயக்கொடிதான் வாங்கித் திறந்து கொடுத்தாள். நாலு வாய் சோறு உள்ளே போயிருக்கும், விசிலை ஊதிக்கொண்டு காவலாளி வந்து நின்றார்.

"யாருப்பா மேலேர்ந்து குதிக்கப் போனது? ஆபீசுக்கு வரணும். எயுதிக் குடுக்கணும்."

ராமசுப்பு மறுபடி சுப்புராயனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். சுப்புராயன் எழுந்திருக்கப் பார்த்தார். குணசுந்தரி சோற்றுக் கையால் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். குழம்போடு ஐந்து விரலும் அதில் பதிந்தன.

"இட்டுகினு போறதுன்னா போ," என்றாள் காவலாளியிடம், வாயில் சுறாப்புட்டோடு. "ஆனா நீயே திருப்பி இட்டாந்து இதே காளான்ல விடணும். அந்தாளுக்கு வயி தெரியாது."