முப்பத்தொரு நாள் லீவு

குளிரறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வெள்ளை ஆவி நிலத்தோடு தவழ்ந்து வந்து பெண்களின் கால்களை மூடும். வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தொப்பி, வாயை மறைத்த வெள்ளைத் துணி. கண்கள் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. காங்கேசன்துறைக் கரையோரத்து நண்டுத் தொழிற்சாலைக்கு மனேஜராக வந்த நாளிலிருந்தே பிரதீபாவுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிருந்தது. மேகத்துக்குள் நின்று வேலை செய்கிறவர்கள் போல இருப்பார்கள். “இஞ்சை எல்லாரும் ஒண்டுதான்” என்று முதற்கூட்டத்திலேயே சொன்னாள். தமிழில் ஒருமுறை, தட்டுத்தடுமாறிய சிங்களத்தில் ஒருமுறை.

சிங்களம், மல்காந்தி ஒருத்திக்காக. மற்றவர்களெல்லாம் சுற்றுவட்டாரத்துக் கடற்றொழிலாளர் வீட்டுப் பெண்கள். மல்காந்தி தெற்கே தங்காலையிலிருந்து வந்தவள். தரம் பார்ப்பது அவள் வேலை. தகர ரின்னில் அடைக்குமுன் நண்டுச் சதையை விளக்கடியில் பிடித்து, ஒரு ஓட்டுத் துணுக்கும் இல்லை என்று அவள் தலையசைத்தால்தான் அது அடுத்த மேசைக்குப் போகும். பக்கத்து ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

ஒருநாள் பத்துமணித் தேநீருக்குச் சற்றுமுன், அவளுடைய தாய் இறந்துபோன செய்தி தொலைபேசியில் வந்தது. அவள் கத்தவில்லை. குளிரறை வாசலில் ஆவி காலைச் சுற்ற, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பிரதீபா ஓடியோடி வான் ஒன்றைப் பிடித்தாள். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். வான் கதவில் கை வைத்தபடி மல்காந்தி திரும்பி, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், “போயிட்டு வாறன்” என்றாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சற்று நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறினாள்.

அன்று பின்னேரம் பிரதீபா கொழும்புத் தலைமையகத்தோடு கடுமையாக வாதாடி, முப்பத்தொரு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வாங்கினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை தாயை இழந்தவள் எப்படி வேலைக்கு வருவாள்? தொலைபேசியின் உதவியோடு சிங்களத்தில் ஒரு செய்தி தட்டினாள்: முப்பத்தொரு நாளும் முடியட்டும், அதுவரை இங்கே வரவேண்டாம். அனுப்பிவிட்டுக் கதிரையில் சாய்ந்தபோது, நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட நிறைவில் கண் சொக்கியது. யன்னலுக்கு வெளியே கடல் அசையாமல் கிடந்தது.

இரண்டு கிழமை ஆகுமுன்னரே மல்காந்தி வந்து நின்றாள். வெள்ளை உடுப்பு, கையில் பன்புல்லில் பின்னிய ஒரு பெட்டி. பெட்டி நிறைய கெவும் என்கிற எண்ணெய்ப் பணியாரம். தாயின் பெயரால் கொடுத்த தானத்தில் இங்குள்ளவர்களுக்கென்று எடுத்துவைத்த பங்கு. சாப்பாட்டறை மேசையில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தேநீர் நேரத்தில் பெண்கள் பெட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எட்ட இருந்த வாங்கிலே போய் இருந்தார்கள். பிரதீபாவும் தொடவில்லை. அடுத்த கிழமை தம்பி ஜெயசுதனின் கலியாணத்துக்குத் தாலிப் பொன்னுருக்கும் சடங்கு. “செத்தவீட்டுச் சாமானிலை கை வைச்சிடாதை பிள்ளை” என்று தாய் காலையில்தான் சொல்லியிருந்தாள். பொழுது சாயும்போது பணியாரத்தைத் தேடி எறும்பு வரிசை கட்டியிருந்தது.

மல்காந்தி அலுவலக அறைக்குள் வந்து, மடித்த மேலங்கியை மேசையில் வைத்தாள். சிங்களத்தில், மெதுவாக, மனேஜருக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நான் போகிறேன் மிஸ். என்ன பிழை செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.”

“பிழையா?”

“வரவேண்டாம் என்று எழுதினீர்கள். போகும்போது ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. இன்றைக்கு என் அம்மாவின் பங்கை எறும்புதான் சாப்பிட்டது.”

பிரதீபாவுக்கு முதலில் வந்தது தன் பக்கத்தைச் சொல்லும் அவசரம். சம்பளம், கொழும்போடு பிடித்த சண்டை எல்லாம் நுனிநாக்கில் நின்றன. மல்காந்தியின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை விழுங்கிக்கொண்டு, “உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அவளிடம் கேட்கும் முதற்கேள்வி அதுதான் என்பது, கேட்டபிறகுதான் உறைத்தது.

மல்காந்தி சொல்லச்சொல்ல அறைக்குள் வேறொரு கடற்கரை வந்து படிந்தது. ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடிகள். விடியவிடிய ஆட்கள் நிறைந்த வீடு, அயலார் கொண்டுவரும் சோறு. ஏழாம் நாள் பிக்குமாருக்குத் தானம். யார் யார் வாங்கிச் சாப்பிடுகிறார்களோ அவர்கள் வழியாகத் தாய்க்குப் புண்ணியம் போய்ச் சேரும். “அதன்பிறகு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. ஆட்களோடு இருக்கத்தான் வந்தேன்.”

பிரதீபா துடக்கை, சாவுத் தீட்டைப் பற்றிச் சொல்ல முயன்றாள். சொல் கிடைக்கவில்லை. கையால் வட்டம் போட்டாள், குளிப்பதுபோல் காட்டினாள், கோயில் மணி அடித்துக் காட்டினாள்.

“கில்லவா?” என்று சிங்களத்தில் அதற்குரிய சொல்லை எடுத்துக்கொடுத்தாள் மல்காந்தி. “எங்களுக்கும் இருக்கிறது. செத்தவீட்டுக்குப் போனால் தெய்வங்களின் கோயிலுக்குப் போகமாட்டோம். ஆனால் சாப்பாட்டில் அது இல்லையே.”

“எங்களுக்குச் சாப்பாட்டிலும் இருக்கிறது. நானும் இதைத்தான் பார்த்தேன். தம்பிக்குக் கலியாணம். மன்னியுங்கள், இன்றைக்கு என்னால் இதைச் சாப்பிட முடியாது.”

மல்காந்தி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

பிரதீபா எழுந்துபோய், வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பெண்களை மறித்தாள். சாப்பிடச் சொல்லிக் கட்டளையிடவில்லை. மல்காந்தியைப் பக்கத்தில் இருத்தி, அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னாள்.

வயதில் மூத்த அருமைநாயகி பதறிப்போனாள். “ஐயோ, வெறுப்பிலையே மிஸ் தள்ளி நிண்டனாங்கள்? கோயில் கொடியேறி நிக்குது. வீட்டிலை எல்லாரும் விரதம். அண்டைக்கு அவ ‘போயிட்டு வாறன்’ எண்டவ. செத்தவீட்டு அலுவலாப் போகேக்கை அப்பிடிச் சொல்லப்படாது, மறுமொழியும் குடுக்கப்படாது. அதாலைதான் வாயை மூடிக்கொண்டு நிண்டனாங்கள்.”

பிரதீபா மொழிபெயர்த்தாள். மல்காந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அவவுக்குத் தெரியாதுதானே” என்றாள் பூரணம், நண்டுக்கோது உடைக்கும் மேசையில் நிற்பவள். “நீங்களெண்டாலும் அவவுக்குச் சொல்லியிருக்கலாம் மிஸ்.”

“ஓம். நான் ஆரையும் கேக்கேல்லை” என்றாள் பிரதீபா.

அருமைநாயகிக்கு ஒரு யோசனை வந்தது. “கீரிமலைக்குக் கொண்டுபோனால் என்ன? அங்கை துடக்குக் கழிக்கத்தானே சனம் வாறது. கேணியிலை முழுகிப்போட்டு, அங்கை வைச்சுக் குடுத்தால் ஆரும் வேண்டாமெண்டு சொல்லமாட்டினம். அவ தாயை நினைச்சுக் குடுக்கட்டுமன்.”

பிரதீபா மல்காந்தியின் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குச் சம்மதமா? உங்கள் முறைக்கு இது பிழையில்லையா?”

“யாருக்குக் கொடுத்தாலும் போய்ச் சேரும்” என்றாள் மல்காந்தி.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. தொழிற்சாலை பூட்டு. எல்லாரும் வரவில்லை, வந்தவர்கள் ஒரு வானுக்குள் அடங்கினார்கள். கீரிமலையில் கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாதபடி ஒரே சாம்பல் ஒளி. அந்தியேட்டிக்கு வந்த குடும்பங்கள் ஈர உடுப்போடு, கனவில் நடப்பவர்கள் போலச் சத்தமின்றிப் போய்வந்தார்கள். பெண்களின் கேணிக்குள் இறங்கியதும் குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. அருமைநாயகி மல்காந்தியின் கையைப் பிடித்து, பாசி வழுக்காத படியைக் காட்டினாள். மூன்று முழுக்கு. ஒவ்வொரு முறை எழும்போதும் மல்காந்தியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகிவந்தது. பக்கத்தில் கடல் உப்பாக இரைய, தண்ணீர் இனிப்பாக இருந்தது.

பிறகு அவள் பெட்டியோடு கரையில் நடந்தாள். எறும்பு தொட்டவற்றைக் கழித்து, மிச்சத்தைப் புது வாழையிலையில் அடுக்கியிருந்தாள். தலை மழித்த ஒருவர், அப்போதுதான் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தவர், இரண்டு கையையும் ஏந்தினார்.

“ஆருக்குப் பிள்ளை?”

“அம்மாவுக்கு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். ஈரக்கூந்தலோடு நின்ற பெண்களும் வாங்கினார்கள். விரதக்காரியான அருமைநாயகி மட்டும் இலையில் சுற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பிரதீபா ஒன்றை எடுத்துக் கடித்தாள். தேங்காயெண்ணெயும் வெல்லப்பாணியும் மணத்தன. தாயிடம் இதைச் சொல்லத்தான் போகிறாள். ஏச்சும் வாங்கத்தான் போகிறாள்.

திரும்பும் வழியில் வானுக்குள் பூரணம் கேட்டாள், “தாய்க்காரி என்ன தொழில் செய்தவவாம்? கேளுங்கோ மிஸ்.”

பிரதீபா கேட்டாள். மல்காந்தி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நீளமாகச் சொன்னாள்.

“வீட்டு முற்றத்திலையிருந்து வெங்காயம் திரிச்சவவாம்” என்றாள் பிரதீபா.

“வெங்காயத்தை எப்பிடி மிஸ் திரிக்கிறது?”

பிரதீபா குழம்பிப்போய்த் திரும்பிக் கேட்டாள். மல்காந்தி அவளையே ஒருகணம் பார்த்தாள். “லூனு இல்லை மிஸ், லணு, லணு!” என்று தொடையில் கயிறு திரித்துக் காட்டினாள். வான் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மல்காந்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

“தென்னந்தும்போ, பனந்தும்போ எண்டு கேளுங்கோ” என்றாள் அருமைநாயகி.

தும்புக்குச் சிங்களத்தில் என்ன சொல்? பிரதீபாவுக்குத் தெரியவில்லை. மல்காந்தியின் பக்கம் நன்றாகத் திரும்பி இருந்துகொண்டு, விரல்களால் காற்றில் நாரை உரித்துக் காட்டத் தொடங்கினாள்.