தழும்பின் எண்

நவ்சாத்தின் கீழ்த்தாடையில் இடப்பக்கம் இப்போது இருப்பது அவனுடைய காலெலும்பு. கட்டியோடு பாதித் தாடையை எடுத்துவிட்டு, கெண்டைக்காலில் மெலிதாக ஓடும் எலும்பை வெட்டி, தகடு வைத்து முடுக்கியிருந்தார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டது. அறுத்த இடத்தின் தழும்பு இறுகி, வாய்தான் திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும், அவ்வளவே. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. மகளை 'ஆப்ரின்' என்று கூப்பிட்டால் 'ஏப்ரின்' என்று வந்தது. ஆவன்னாவுக்கு வாய் அகல வேண்டுமே.

அவன் மனைவி தஸ்லிமாவுக்கு செனாய் ஊரில் தாடைத் தகடு வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. மருத்துவர் அவளிடமே சொல்லியிருந்தார்: "ஸ்கேனை வச்சு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாருங்க. வெளித் தழும்ப அறுத்தா ரெண்டு விரல் திறக்கும்னு வந்தா செய்றேன். வராட்டி, சும்மா கத்தி வைக்க மாட்டேன்."

வாய் கதவைப் போலத் திறப்பதில்லை. தாடை முதலில் மூட்டில் சுழலும். பிறகு அந்த மூட்டே தன் பள்ளத்தை விட்டு முன்னால் வழுக்கும். காதுக்கு முன் விரலை வைத்து வாயைத் திறந்தால் யாருக்கும் தெரியும். தஸ்லிமா தசைகளைக் கயிறுகளாகவும் தழும்பை ரப்பராகவும் கணினியில் கட்டியிருந்தாள். வெளித் தழும்பை நீக்கி ஓட்டினாள். வலது மூட்டு வழுக்கியது, இடது அசையவில்லை. தாடை இடப்பக்கம் கோணி, ஒரு விரலில் நின்றது.

உள்ளே இன்னொரு தழும்பு பிடித்திருந்தது. அதன் விறைப்பு எண்ணைக் குறைத்தாள். கொஞ்சம் திறந்தது. இன்னும் குறைத்தாள். கணினி ஏன் என்று கேட்காது; எந்த எண் கொடுத்தாலும் ஒழுங்காகக் கணக்குப் போடும். திரையில் வாய் மூன்று விரலுக்கு அகன்றது.

"அலமாக்!" பின்னால் நவ்சாத் மலைத்து நின்றான். பல்லிடுக்கில் வந்த குரல். "இது என் வாயா? இதுக்கு கறி அடைச்ச முர்தபா ரொட்டி பத்தாது லா தஸ்லி, ஆட்டையே முழுசா விடலாம்."

அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே அவனும் திறக்க முயன்றான். நெற்றி வியர்த்தது.

"எப்ப ஆப்பரேஷன்?"

"மச்சான்... உள் தழும்ப நான் இளக்கிட்டேன்."

"இளக்குனா?"

"பச்சப்புள்ள கன்னம் மாதிரி ஆக்கிட்டேன். நெசத்துல அது செருப்புத் தோலு."

"அதையும் அறுக்க வேண்டியதுதானே?"

"புது எலும்புக்கு ரத்தம் போற குழாய் அதுக்குள்ளதான் ஓடுது. வெட்டினா எலும்பு செத்துரும்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இத அனுப்பினா டாக்டர் அறுப்பாரா?"

"அறுப்பாரு. நான் சொன்னா நம்புவாரு."

"அறுத்தா திறக்குமா?"

"ஒருவேள..."

"தஸ்லி."

"திறக்காது!" அவள் உடைந்தாள். "எனக்கு வேற என்ன செய்றதுன்னு தெரியல மச்சான். காலையில இருந்து அந்த நம்பரத்தான் மாத்திக்கிட்டு இருக்கேன்."

"பழசப் போடு."

போட்டாள்.

"ஓட்டு."

திரையில் தாடை இறங்கியது, இடப்பக்கம் கோணியது, நின்றது. பக்கத்தில் நவ்சாத்தின் தாடையும் இறங்கியது, கோணியது, அதே இடத்தில் நின்றது. மயிரிழை பிசகவில்லை. இவ்வளவு சரியான மாதிரியை அவள் இதுவரை கட்டியதே இல்லை.

"இன்னொரு தடவ ஓட்டு," என்றான்.

ஓட்டினாள். அவனும் திறந்தான்.